இடது பக்கம் காலி

அவள்: மாறல.

அவன்: மாறும். இன்னொரு தடவை அழுத்திப் பாரு.

அவள்: அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சதுதான் மிச்சம். ‘மாற்றப்பட்டது’ன்னு பச்சையா ஒரு வரி வருது. பக்கத்தை மூடித் திறந்தா, பழசு அப்படியே உட்கார்ந்திருக்கு.

அவன்: பச்சை வரி வருதா?

அவள்: வருது.

அவன்: அப்ப மாறிடுச்சு.

அவள்: மாறலங்கறேன்!

அவன்: மாறாம எப்படிப் பச்சை வரி வரும்?

அவள்: அதைத்தானே உன்னைக் கேக்கறேன்? நீதானே எழுதினே? சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் வாங்கறவங்க வந்து இதே ரூம்ல, இதே மேசையில உட்காரப் போறாங்க. ஊழியர் விவரத்துல ஒரு கட்டத்தை மாத்தத் தெரியாத ப்ரோக்ராமை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நான் என்ன வித்தை காட்டறது?

அவன்: கோவப்படாதே.

அவள்: கோவம் இல்ல. குழப்பம்.

அவன்: உன் குரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அவள்: என்ன சொன்னே?

அவன்: கோட் திறக்கறேன்னு சொன்னேன்... யாரோட விவரத்துல மாத்திப் பார்க்கறே?

அவள்: யாரோடதா இருந்தா என்ன?

அவன்: தெரிஞ்சாத்தானே தேட முடியும்?

அவள்: என்னோடது.

அவன்: உன்னோடதா? எந்தக் கட்டம்?

அவள்: கீழ.

அவன்: கீழன்னா?

அவள்: கடைசி. அவசரம்னா யாரைக் கூப்பிடணும்ங்கற கட்டம்.

அவன்: அதுல நான்தானே இருப்பேன்.

அவள்: இருக்கே. இருந்துக்கிட்டே இருக்கே.

அவன்: அண்ணனைப் போடறியா?

அவள்: அண்ணன் வீட்டுலதானே இருக்கேன்?

அவன்: அது தெரியும். மழைக்காலத்துலேருந்து தெரியும்.

அவள்: அப்புறம் என்ன கேள்வி?

அவன்: சும்மா... ப்ரோக்ராமுக்காகக் கேட்டேன்.

அவள்: ப்ரோக்ராமுக்கு அது வேண்டாம். யாரைப் போட்டாலும் மாறணும், அவ்வளவுதான்.

அவன்: உன் ஸ்க்ரீனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு.

அவள்: மாட்டேன். சொந்த விவரம்.

அவன்: என் பக்கத்துல எல்லாம் வெறும் நட்சத்திரமாத் தெரியுது.

அவள்: தெரியணும். ஊழியரோட பேரும் போன் நம்பரும் கோட் எழுதறவன் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னதே நான்தான்.

அவன்: புருஷன் கண்ணுலயுமா?

அவள்: கோட் எழுதறவன் யாரோட புருஷன்னு ப்ரோக்ராமுக்குத் தெரியாது.

அவன்: தெரியுமே. அதான் அந்தக் கட்டத்துல இருக்கேன்.

அவள்: வாயைக் குறைச்சுட்டுத் தேடு.

அவன்: தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்... இதோ, மாத்தற வேலையைச் செய்யற துண்டு, ‘தொடர்புமாத்து’ங்கற ஃபங்ஷன். இது சரியாத்தான் இருக்கு. புது ஆளை உருவாக்குது, திருப்பித் தருது.

அவள்: எதுக்குப் புது ஆளு? நான் ஆளைக் கேக்கலயே. கட்டத்தை மாத்தச் சொன்னேன்.

அவன்: இந்த முறையில எதையும் மாத்தக் கூடாது. பழைய ஆளோட விவரக் கட்டை, அந்த ஆப்ஜெக்டைத் தொடவே மாட்டோம். அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு, அதுல மட்டும் புது விவரத்தைப் போட்டுக் கொடுப்போம்.

அவள்: மாத்துன்னு பேரு வெச்சுட்டு, மாத்தாதுங்கறே. இது எந்த ஊர் நியாயம்?

அவன்: போன தடவை நீ எழுதின முறையில என்ன ஆச்சுன்னு மறந்துடுச்சா? காவல்காரர் வீடு மாத்தினார். விலாசத்தை ஒரு பக்கத்துல மாத்தினே. சம்பளப் பக்கத்துல பார்த்தா...

அவள்: அதை இழுக்காதே.

அவன்: மொத்த ஆபீஸும் காவல்காரர் வீட்டுல குடியிருந்துச்சு. முதலாளி உள்பட.

அவள்: ஒரே விலாச ஆப்ஜெக்டை எல்லாருக்கும் பங்கு போட்டது யாரோ, பழி எனக்கு.

அவன்: அதான் சொல்றேன். ஒரு இடத்துல தொட்டா இன்னொரு இடத்துல உடையும். யாரும் யாரையும் தொடாம இருந்தா எதுவும் உடையாது.

அவள்: நல்ல கொள்கை. அந்தக் கொள்கையிலதான் நம்ம வீடு நல்லா இருக்கு. சரி, சொல்லு. புது ஆளைச் செஞ்சாச்சு. அப்புறம்?

அவன்: கூப்பிட்டவங்க அவனைப் பிடிச்சு வெச்சுக்கணும்.

அவள்: வெச்சுக்கலைன்னா?

அவன்: குப்பைக்குப் போயிடுவான்... ஐயையோ, கண்ணாடிக் கதவு பக்கம் பாரு. தப்பு பிடிக்கற அக்கா, நம்ம பூதக்கண்ணாடி வர்றாங்க.

அவள்: இங்கயா? அவங்க கண்ணுல பட்டா அவ்வளவுதான், இன்னிக்கு ப்ரோக்ராம் வெளிய போகாது. மூடு, மூடு.

அவன்: எதை மூட? லாப்டாப்பையா, வாயையா?

அவள்: ரெண்டையும்.

பூதக்கண்ணாடி: என்ன, ரெண்டு பேரும் எதிர் எதிர்ல உட்கார்ந்து பேச்சுவார்த்தையா?

அவள்: வாங்கக்கா. ஒண்ணுமில்ல. சார் ஒரு சின்ன விஷயம் விளக்கிட்டிருந்தார்.

அவன்: ஆமாக்கா. மேடம் கேட்டாங்க.

பூதக்கண்ணாடி: நான் வந்ததும் சார், மேடம்! கதவு சாத்தியிருந்தப்ப நீ, வா, போன்னு வெளிய வரைக்கும் கேட்டுச்சு. எதுல தப்பு?

அவள்: தப்புன்னு யார் சொன்னா?

பூதக்கண்ணாடி: தப்பு கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்? எனக்குப் பூதக்கண்ணாடின்னு பேரு வெச்சதும் நீங்கதானே? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. சொல்லுங்க.

அவன்: அவசரத் தொடர்புக் கட்டம்க்கா. மாத்தினா மாற மாட்டேங்குது.

பூதக்கண்ணாடி: மாறுதே!

அவள்: மாறுதா?

பூதக்கண்ணாடி: காலைலேருந்து அதைத்தானே பண்றேன்? கணக்குப் பிரிவு முழுக்க மாத்தி மாத்திப் பார்த்தேன். அத்தனையும் மாறுச்சு. மாத்தினதும் புது ஆளுக்கு ‘நீங்கள் இவருடைய அவசரத் தொடர்பு’ன்னு செய்தி போகணும்ல? அதுவும் போச்சு. நிஜ போனுக்கே போயிடுச்சு.

அவன்: நிஜ போனுக்கா?

பூதக்கண்ணாடி: காசாளரோட மாமியார் அவசரம்ங்கற வார்த்தையை மட்டும் படிச்சுட்டு அலறி அடிச்சு ஓடி வந்து வாசல்ல நிக்கறாங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. காசாளரையே வெளிய வந்து நிக்கச் சொன்னேன். அவர் வந்து நின்னார். அப்பவும் நம்பல.

அவள்: ஐயோ பாவம்.

பூதக்கண்ணாடி: யாரு, மாமியாரா மாப்பிள்ளையா?... அதை விடுங்க. எல்லாருக்கும் மாறுது, உங்களுக்கு மட்டும் மாறலைன்னா எப்படி?

அவன்: அதாங்க்கா புரியல. ஒரே ஃபங்ஷன். ஒரே விவரத்தைக் கொடுத்தா எப்பவும் ஒரே பதில்தான் தரணும். ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு தராது. அதான் இந்த முறையோட அழகே.

பூதக்கண்ணாடி: எனக்கு ஃபங்ஷன்னு கேட்டாலே என்ன உடுத்திக்கிட்டுப் போறதுங்கற கவலைதான் வரும். கொஞ்சம் தெளிவாச் சொல்லு தம்பி.

அவன்: நீங்க ஒரு ஊழியர். உங்க விவரத்தை மாத்தச் சொல்றாங்க. நான் உங்களைத் தொட மாட்டேன்.

பூதக்கண்ணாடி: நல்ல பையன்.

அவன்: உங்களை மாதிரியே இன்னொருத்தரை உருவாக்குவேன். புது விவரத்தோட.

பூதக்கண்ணாடி: அப்ப நான் ரெண்டு பேரா?

அவன்: கொஞ்ச நேரத்துக்கு.

பூதக்கண்ணாடி: சம்பளம் யாருக்கு?

அவன்: புதுசுக்குத்தான். பழசை விட்டுட்டு எல்லாரும் புதுசைப் பிடிச்சுக்கணும்.

பூதக்கண்ணாடி: பிடிக்கலைன்னா?

அவள்: புது ஆளு குப்பைக்குப் போயிடுவானாம்க்கா. இப்பதான் சொல்லிட்டிருந்தார்.

பூதக்கண்ணாடி: புது ஆளா? பழைய ஆளு இல்லயா?

அவள்: பழைய ஆளு நாற்காலியில சௌகரியமா உட்கார்ந்திருப்பான்.

பூதக்கண்ணாடி: என்னய்யா இது அநியாயம்! மாறி வந்தவனுக்குக் குப்பைத்தொட்டி, மாறாதவனுக்கு நாற்காலியா? பாவம் அந்தப் புது ஆளு. அவன் வந்ததே யாருக்கும் தெரியாது!

அவன்: தெரியாதுதான்க்கா. யாரும் திரும்பிப் பார்க்கலைன்னா தெரியாது.

பூதக்கண்ணாடி: ஏன் தம்பி குரல் கம்முது?

அவன்: ஏசி.

பூதக்கண்ணாடி: சரி, எந்த ஊழியர்கிட்ட மாற மாட்டேங்குது? பேரைச் சொல்லுங்க, நான் பார்க்கறேன்.

அவள்: அது... ஒரு ஊழியர்.

பூதக்கண்ணாடி: இந்த ஆபீஸ்ல எல்லாரும் ஊழியர்தான்.

அவன்: மேடமோடதுதான்க்கா.

பூதக்கண்ணாடி: உங்களோடதா? அதுல என்ன மாத்தப் போனீங்க? தம்பிதானே அதுல இருக்கும்?

அவள்: சும்மா, ஓட்டிப் பார்க்கறதுக்கு.

பூதக்கண்ணாடி: ஓட்டிப் பார்க்க வேற ஆளா கிடைக்கல? கட்டின புருஷனைத் தூக்கிட்டா போட்டுப் பார்ப்பாங்க? யாரு பண்ணுவா அப்படி!

அவன்: யாரும் பண்ண மாட்டாங்கதான்... ஒரு நிமிஷம். இருங்க, இருங்க. யாரும் பண்ண மாட்டாங்க. அதனாலதான் யாருக்கும் தெரியல!

பூதக்கண்ணாடி: என்ன தெரியல?

அவன்: கணக்குப் பிரிவுல எல்லாருக்கும் அவசரத் தொடர்பு வெளியாளு. மாமியார், அப்பா, பக்கத்து வீட்டுக்காரர். அது வெறும் பேரும் நம்பரும். மேடமுக்கு மட்டும்தான் அந்த ஆளும் இதே ஆபீஸ்ல ஊழியர். அப்ப கோட் வேற வழியில போகும். புருஷன் பொண்டாட்டி ஒரே ஆபீஸ்ல இருந்தா, ஒருத்தர் விவரத்துல தொட்டா இன்னொருத்தர் விவரத்தையும் பார்க்கணும்னு தனியா ஒரு வழி இருக்கு.

பூதக்கண்ணாடி: அப்ப தம்பதியா இருந்தா மட்டும் மாறாது?

அவன்: தம்பதியா இருந்தா மட்டும் மாறாது.

அவள்: உலகத்துலயே இப்படி ஒரு தப்பை நீங்க மட்டும்தான் எழுதுவீங்க சார்.

அவன்: இதோ... அந்த வழி இங்க இருக்கு, வரியைப் படிக்கறேன். துணை, புள்ளி, தொடர்புமாத்து, அடைப்புக்குறிக்குள்ள புதுசு. அவ்வளவுதான். மாத்துன்னு சொல்லிட்டு அப்படியே அடுத்த வரிக்குப் போயிடுச்சு. திருப்பித் தந்ததை யாரும் வாங்கிக்கல.

பூதக்கண்ணாடி: எதுல வாங்கணும்?

அவன்: இடது பக்கம் ஒரு பேரு எழுதி, சமக்குறி போட்டு, அதுல வாங்கணும்க்கா. இங்க இடது பக்கம் காலியா இருக்கு.

அவள்: காலியா?

அவன்: காலிதான்... கொஞ்ச நாளாவே இடது பக்கம் காலிதான்.

பூதக்கண்ணாடி: ஏன் தம்பி, அந்த வரியை யார் எழுதினது? பக்கத்துலயே எழுதினவங்க பேரு காட்டுமே?

அவன்: பேரா... காட்டும்... 

பூதக்கண்ணாடி: யாரு?

அவன்: ...நான்தான்க்கா. என் தப்புதான். அவசரத்துல விட்டுட்டேன்.

பூதக்கண்ணாடி: எதையும் மாத்தாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, நீயே கோட்டை விட்டியா? நல்லா இருக்கு போ. சீக்கிரம் சரி பண்ணுங்க. நான் கீழ போய் அந்த மாமியாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டு வர்றேன்... ஆங், கேக்கணும்னு நெனச்சேன். ஒரே வண்டியில வந்து ஒரே வண்டியில போவீங்க. இப்பல்லாம் ஏன் தனித்தனியா வர்றீங்க?

அவன்: வண்டி ரிப்பேர்க்கா.

அவள்: டாக்டர் நடக்கச் சொன்னார்க்கா.

பூதக்கண்ணாடி: வண்டியா, டாக்டரா?

அவன்: அதாவது, வண்டி ரிப்பேரா இருக்கறதால டாக்டர்...

அவள்: ஆமா, டாக்டரோட வண்டி...

பூதக்கண்ணாடி: ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் வரணும்னு இப்பதானே பெருமையா சொன்னே?

அவன்: அது ஃபங்ஷனுக்குக்கா. மனுஷங்களுக்கு இல்ல.

பூதக்கண்ணாடி: என்னமோ போங்க. எனக்கு ஒண்ணும் புரியல. புரியலைன்னே வெச்சுக்கறேன். கதவைச் சாத்திட்டுப் போறேன்.

அவள்: ...போயாச்சா?

அவன்: போயாச்சு.

அவள்: டாக்டரோட வண்டியாம்!

அவன்: அதைச் சொன்னது நீ.

அவள்: நீ ஆரம்பிச்சே, நான் முட்டுக் கொடுத்தேன்.

அவன்: சரி, சரி பண்ணிடறேன். ஒரு பேரு, ஒரு சமக்குறி. ரெண்டு நிமிஷம்.

அவள்: இரு. அந்த வரி பக்கத்துல யார் பேரு இருக்கு?

அவன்: சொன்னேனே.

அவள்: நீ சொன்னது பூதக்கண்ணாடிக்கு. எனக்குச் சொல்லு.

அவன்: யாரு எழுதினா என்ன? மத்தியானத்துக்குள்ள முடியணும்.

அவள்: நான் எழுதினது. நீ படிச்சுக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. துணை புள்ளி தொடர்புமாத்துன்னு நீ எழுத மாட்டே. கூப்பிட்டாலே ஆப்ஜெக்ட் தானா மாறிடும்னு நெனச்சு எழுதறவ நான்தான். பழக்கம். கையோட வருது.

அவன்: ஒரு கையோட எழுதினே. அதனால இருக்கும்.

அவள்: எப்ப?

அவன்: பேருக்குப் பக்கத்துல தேதியும் இருக்கு. மாவுக்கட்டோட ஆபீஸ் வந்த வாரம். இடது கையால தட்டிக்கிட்டிருந்தே. நான் தட்டித் தர்றேன்னு வந்தேன், போன்னு சொல்லிட்டே.

அவள்: பின்ன, வான்னு சொல்லுவாங்களா?

அவன்: சொல்ல மாட்டாங்கதான்.

அவள்: கை உடைஞ்ச அன்னிக்கு ரோட்டுல விழுந்து கிடக்கறேன். யாரோ தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. கழுத்துல இருந்த அட்டையைப் பார்த்து ஆபீஸுக்குப் பேசினாங்க. ஆபீஸ்ல இந்தக் கட்டத்தைத்தான் திறந்து பார்த்தாங்க. இதுல இருக்கற ஆளைத்தான் கூப்பிட்டாங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. ஆளு எங்க?

அவன்: வகுப்புல.

அவள்: எந்த வகுப்புல?

அவன்: தெரியுமே உனக்கு.

அவள்: உன் வாயால கேக்கணும்.

அவன்: எதையும் மாத்தக் கூடாதுங்கற வகுப்புல. போனை அணைச்சு வெக்கச் சொன்னாங்க.

அவள்: சாயங்காலம் வந்தே. அப்பவாவது பக்கத்துல உட்கார்ந்தியா? கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கிட்டே, பழைய ஆப்ஜெக்டை ஏன் தொடக்கூடாதுன்னு எனக்கு விளக்கினே!

அவன்: பயத்துல பேசினேன். என்ன பேசறதுன்னு தெரியல. தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

அவள்: பக்கத்துக் கட்டில் அம்மா என்னைக் கேட்டாங்க, உன் புருஷனுக்குத் தலையில அடிபட்டிருக்கான்னு.

அவன்: நீ என்ன சொன்னே?

அவள்: ஆமான்னு சொன்னேன்.

அவன்: ...சிரிக்கிறியா?

அவள்: இல்ல. ஏசி.

அவன்: நான் மாறிட்டேன். அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னேனே, மாறிட்டேன்னு.

அவள்: சொன்னே. பச்சையா ஒரு வரி. மாற்றப்பட்டதுன்னு. இந்த ஸ்க்ரீனும் காலைலேருந்து அதைத்தான் சொல்லுது. மூடித் திறந்தா பழைய ஆளு. நான் எதை நம்பறது?

அவன்: தெரியல.

அவள்: எனக்கும் தெரியல. அதான் குழப்பம்னு சொன்னேன், கோவம் இல்லன்னு. கோவமா இருந்தா எப்பவோ முடிவு பண்ணியிருப்பேன். ராத்திரி அண்ணி கேக்கறாங்க, போறியா இருக்கியான்னு. ஒரு நாள் போறேங்கறேன், ஒரு நாள் இருக்கேங்கறேன்.

அவன்: ஒரே கேள்விக்கு...

அவள்: அடிப்பேன்.

அவன்: சரி, சரி.

அவள்: நீ ஏன் உன் தப்புன்னு சொன்னே?

அவன்: எதை?

அவள்: அந்த வரியை. முன்னெல்லாம் என் கோட்ல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவியே. காவல்காரர் வீட்டு விஷயத்தை இன்னி வரைக்கும் விடலயே நீ.

அவன்: அது பழைய ஆளு.

அவள்: இப்ப பேசறது?

அவன்: அதை நான் சொன்னா பச்சை வரிங்கறே. நான் என்னதான் சொல்றது? சொல்லு. என்ன சொன்னா நம்புவே?

அவள்: ஒண்ணும் சொல்ல வேண்டாம். சரி பண்ணு. வர்ற நேரமாச்சு.

அவன்: பண்ணிட்டேன். இடது பக்கம் பேரு போட்டு, சமக்குறி போட்டாச்சு. திருப்பித் தர்றவனை இப்ப பிடிச்சுக்கும். புதுசா ஏத்தறேன்... கொஞ்ச நேரம் ஆகும்.

அவள்: ஆகட்டும். அது என்ன, மேசை மேல ஒரு போன், சட்டைப் பையில ஒரு போன்?

அவன்: எது? இதா? சும்மா, சின்ன போன்.

அவள்: எதுக்கு ரெண்டு?

அவன்: கூட ஒண்ணு இருக்கட்டும்னு... நான் அனுப்பினது ஏதாவது பார்த்தியா நீ?

அவள்: எதை?

அவன்: ஒண்ணுமில்ல. பார்க்கலைன்னா விடு.

அவள்: என்னத்தை விட?

அவன்: விடுன்னா விடேன். ஏறிடுச்சு பாரு. இப்ப அழுத்து. மாறிடும்.

அவள்: நிச்சயமா?

அவன்: நிச்சயமா. இனிமே திரும்பி வராது. அதனால... யோசிச்சு அழுத்து.

அவள்: என்ன யோசிக்கணும்?

அவன்: வெறும் கட்டம்தான். தெரியும். ஆனா நீ போனப்புறம் உனக்கு நான் சொந்தமா இருக்கறது அந்த ஒரு கட்டத்துலதான். வேற எங்கயும் இல்ல. உங்க அண்ணன் போனை எடுக்க மாட்டார், அண்ணி கதவைப் பாதிதான் திறப்பாங்க. காலைல நீ மாறலன்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என் கோட்ல தப்புன்னு முதல் தடவையா சந்தோஷப்பட்டேன்.

அவள்: அப்ப ஏன் சரி பண்ணினே? தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?

அவன்: நீ கேட்டியே.

அவள்: கேட்டா?

அவன்: அன்னிக்கு உனக்காகக் கூப்பிட்டப்ப நான் இல்ல. இன்னிக்குக் கூப்பிட்டே, வந்தேன். அவ்வளவுதான். எதுக்குக் கூப்பிட்டேங்கறது உன் இஷ்டம். அழுத்து. வாசல்ல வண்டி வந்து நிக்குது, அவங்களாத்தான் இருக்கும்.

அவள்: அழுத்தறேன்... அழுத்திட்டேன். பச்சை வரி.

அவன்: மூடித் திற.

அவள்: திறந்தேன்.

அவன்: மாறிடுச்சா?

அவள்: மாறிடுச்சு.

அவன்: ...நல்லது. அண்ணன்கிட்ட கேளு, செய்தி வந்துச்சான்னு. அதுவும் சரியாப் போகணும்ல? பூதக்கண்ணாடி அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

அவள்: கேக்கறேன். வந்துச்சா?

அவன்: என்னை ஏன் கேக்கறே? அண்ணனைக் கேளு.

அவள்: உன் பையில ஏதோ கத்துது பாரு.

அவன்: என்னது? இதுவா? இது கத்தாதே. இந்த நம்பர் யாருக்கும் தெரியாது, கம்பெனிக்காரன் விளம்பரமா இருக்கும்... ‘நீங்கள் இவருடைய அவசரத் தொடர்பு’... இது எப்படி... தப்பா வந்திருக்கு. வேற எங்கயோ உடைஞ்சிருக்கு. இரு, அண்ணனுக்குப் போக வேண்டியது எனக்கு எப்படி வரும்? உன் கட்டத்துல யார் பேரு இருக்கு?

அவள்: உன் பேரு.

அவன்: அப்ப மாறல!

அவள்: பேரை மாத்தறேன்னு எப்ப சொன்னேன்? காலைலேருந்து நம்பரைத்தான் மாத்திக்கிட்டிருக்கேன்.

அவன்: இந்த நம்பர் உனக்கு எப்படி... நான் அனுப்பினதைப் பார்த்தியா அப்ப?

அவள்: ‘இந்த நம்பர் உனக்கு மட்டும். இதை அணைக்கவே மாட்டேன்.’ அன்னிக்கே பார்த்தேன்.

அவன்: பார்த்துட்டு ஒரு பதில்கூடப் போடலயே நீ! குப்பைக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன்!

அவள்: பதிலைத்தான்டா காலைலேருந்து போட்டுக்கிட்டே இருக்கேன். நான் எழுதின வரிதான் அதைத் தூக்கித் தூக்கிக் குப்பையில போட்டுக்கிட்டிருந்துச்சு.